மேலே கேட்டு வாங்கியது கீழே வரைக்கும் வரட்டும்
கட்டுநர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பில்டர்ஸ் அசோசியேஷன் ஆப் இந்தியாவின் தமிழ்நாட்டு மையங்களில் பொறுப்பில் இருக்கும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக்கான அறிக்கையை எழுதத் தொடங்கியிருப்பீர்கள். யாரிடம் மனு கொடுத்தோம், எந்த வரி குறைந்தது, எந்தக் கருத்தரங்கை நடத்தினோம், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று சாதனைகள் வரிசையாக அதில் இடம்பெறும். அந்த வரிசையில் அடுத்த ஆண்டாவது ஒரு புதிய சாதனையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

நான் உங்கள் சங்கத்தில் உறுப்பினன் இல்லை. உங்கள் உறுப்பினர்கள் எடுக்கும் வேலைகளில் சென்ட்ரிங், கம்பி கட்டு, கான்கிரீட் ஆகியவற்றைச் சப் காண்ட்ராக்டாக எடுத்துச் செய்கிறவன். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் பள்ளிக் கட்டடம், பாலம், தண்ணீர்த் தொட்டி, அடுக்குமாடி என்று வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவேன். என்னிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள், மீதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். உங்கள் சங்கம் ஒரு விஷயத்தில் ஜெயித்தால் எனக்கும் மூச்சு விட முடிகிறது, தோற்றால் முதல் அடி எனக்குத்தான் விழுகிறது. அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1941இல் தொடங்கிய சங்கம் உங்களுடையது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே காண்ட்ராக்டர்கள் ஒன்றுகூடி அமைத்த அமைப்பு. அதன் வரலாற்றில் நான் மிகப் பெரிதாக மதிப்பது சிமென்ட் வழக்கை. கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றுகின்றன என்று சைட்டில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், 2010இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகாரை எடுத்துப் போனது உங்கள் சங்கம்தான். 2012 ஜூனில் ஆணையம் 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. 2015இல் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடியும் அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அப்புறம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

சிமென்ட் வாங்காமல் யாராலும் தொழில் செய்ய முடியாது. வாங்க வேண்டிய கம்பெனிகள் மீதே வழக்குப் போட்டு, அதில் இத்தனை ஆண்டுகள் நின்றது சாதாரண விஷயம் இல்லை. எதிரில் நின்றவர்களின் பணபலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தும் நின்றீர்கள். எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் தனியாக நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம் அது.

அடுத்து சிமென்ட் மீதான ஜிஎஸ்டி. 2017 ஜூலையிலிருந்து 28 சதவீதத்தில் இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. கட்டுமான அமைப்புகள் எல்லாம் எட்டு ஆண்டுகளாகக் கேட்டது நடந்தது. வரிக்கு முன் 280 ரூபாய் விலையுள்ள மூட்டை என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டைக்கு 28 ரூபாய் குறைய வேண்டும். சொந்தமாக வீடு கட்டுகிறவருக்கு இது கண்ணுக்குத் தெரிகிற லாபம். பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதுதான் உள்ளீட்டு வரி வரவு; அதை எடுக்க முடியாத குடியிருப்புத் திட்டங்களுக்கும் அப்படியே. வரவு எடுத்துக்கொள்ளும் காண்ட்ராக்டருக்குச் செலவு பெரிதாகக் குறையாது, ஆனால் 28 கட்டிவிட்டு 18 மட்டும் கழித்துக்கொண்டிருந்ததால் வரவுக் கணக்கில் சும்மா முடங்கிக் கிடந்த பணம் இனி கைக்கு வரும். அதுவும் நல்லதுதான்.

ஆனால் அதே நாளில், அதே அறிவிப்பில், அரசுக்குச் செய்யும் மண் வேலைக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆக ஏறியது. முக்கால் பங்குக்கு மேல் மண் வேலையாக இருக்கும் ஒப்பந்தங்களைச் சொல்கிறேன். வாய்க்கால் தூர்வாருவது, ஏரிக்கரை பலப்படுத்துவது, சாலைக்கு மண் நிரப்புவது எல்லாம் இதில் வரும். 2022 ஜூலை வரை இதற்கு வரி 5 சதவீதம்தான். மூன்று ஆண்டுகளில் 5, 12, 18 என்று ஏறிவிட்டது. மண் வேலையில் பெரிய செலவே டீசல். டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதற்கு வரவும் எடுக்க முடியாது. டெல்டாவில் ஒரு ஜேசிபியும் இரண்டு டிப்பரும் வைத்துப் பிழைக்கும் ஆட்கள்தான் இந்த வேலைகளைச் செய்கிறார்கள். சிமென்ட் வரி குறைந்ததற்காக எழுந்த கைத்தட்டலில் இவர்களின் குரல் யார் காதிலும் விழவில்லை. உங்கள் அறிக்கையில் சிமென்ட் வரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், இதற்கும் பாதிப் பக்கமாவது ஒதுக்குங்கள். அடுத்த மனுவில் இது முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உங்கள் போராட்டம் எல்லாம் மேலே இருப்பவர்களோடுதான் நடந்திருக்கிறது. அரசாங்கத்திடம் பில் கேட்டீர்கள், சிமென்ட் கம்பெனியிடம் விலை கேட்டீர்கள், வரி மன்றத்திடம் சலுகை கேட்டீர்கள். 2022இல் டிஎம்டி கம்பி விலை தாறுமாறாக ஏறியபோது விலையேற்ற ஈடு கேட்டு மனு மேல் மனு கொடுத்தார்கள் நம் துறைக்காரர்கள். அந்த ஆண்டு மே மாதம் மத்திய அரசு ஸ்டீல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது, விலையும் இறங்கியது. கொரோனா காலத்தில் பிணைத்தொகையை 3 சதவீதமாகக் குறைத்தார்கள், வேலை முடிக்க அவகாசம் கொடுத்தார்கள். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விவாத் சே விஸ்வாஸ் திட்டத்தில், கொரோனாவால் வேலையை முடிக்க முடியாமல் போன சிறு நிறுவனங்களிடம் பறிமுதல் செய்த பிணைத்தொகையில் 95 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாமே தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த நிவாரணங்கள்.

ஆனால் இவை எல்லாம் முதன்மைக் காண்ட்ராக்டரோடு நின்றுவிட்டன. அவருக்குக் கீழே இருக்கும் எங்களுக்கு அவகாசம் நீண்டதா? இல்லை. விலையேற்ற ஈட்டில் பங்கு வந்ததா? வரவில்லை. எங்களிடமிருந்து பிடித்து வைத்த தொகையை யாராவது குறைத்தார்களா? அதுவும் இல்லை. இதை நான் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. இந்த வேலை இன்னும் ஆரம்பிக்கப்படவே இல்லை, அதை ஆரம்பிக்கக்கூடிய இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பணம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டங்களில் இது பேசப்படுவதில்லை.

சப் காண்ட்ராக்ட் ஒப்பந்தத்தில் எல்லா இடத்திலும் ஒரு வரி இருக்கும். சைட்டில் அதை 'பேக் டு பேக்' என்போம். டிபார்ட்மென்ட்டிலிருந்தோ உரிமையாளரிடமிருந்தோ பில் பணம் வந்த பிறகுதான் சப் காண்ட்ராக்டருக்குப் பணம் என்பது அதன் பொருள். நான் ஸ்லாப் போட்டு, ஷட்டரிங் பிரித்து, அளவெடுத்து, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறி, பில் பாஸ் ஆகி, அதற்கு நிதி ஒதுக்கீடு வந்து, அப்புறம் முதன்மைக் காண்ட்ராக்டரின் கணக்கில் பணம் விழுந்து, அவருடைய அவசரங்கள் எல்லாம் தீர்ந்த பிறகு எனக்கு வரும். வேலை நடக்கும்போதே இடையிடையே போடும் ஒரு ரன்னிங் பில் வர மூன்று மாதம் ஆனால் அது நல்ல சைட். கடைசிப் பில்லுக்கும், குறை வந்தால் சரிசெய்ய என்று பில்லில் பிடித்து வைக்கும் தொகைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். என் வேலையில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், வேறு யாரோ போட்ட பிளம்பிங்கில் கசிவு இருந்தால் என் பிடித்தமும் சேர்ந்து நிற்கும்.

நான் கூலி கொடுக்க வேண்டியது சனிக்கிழமை. கொத்தனார், கம்பி கட்டுபவர், சித்தாள் யாருக்கும் பேக் டு பேக் கிடையாது, இருக்கவும் கூடாது. வாரம் முழுக்க வெயிலில் நின்றவர் சனிக்கிழமை மாலை கையில் பணத்தோடு போக வேண்டும். ஒடிசாப் பையன்கள் அன்று இரவே ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். ஆக வாரத்துக்கு ஒருமுறை வெளியே போகிற பணம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே வருகிறது. இடையில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது வீட்டு நகை, தெரிந்தவர்களிடம் வாங்கும் கைமாற்று, அதுவும் தீர்ந்தால் வட்டிக்காரர். மாதம் மூன்று வட்டி, நான்கு வட்டிக்கு வாங்கி அரசாங்கக் கட்டடத்துக்குக் கூலி கொடுக்கிறோம். முதன்மைக் காண்ட்ராக்டர் வங்கியில் வாங்கினால் ஆண்டுக்கே பத்துப் பன்னிரண்டு சதவீதத்தில் கிடைக்கும் பணம் அது. கடன் சுமையைத் தாங்க முடிந்தவர் மேலே இருக்கிறார், முடியாதவர் தலையில்தான் அது ஏற்றப்படுகிறது.

இதோடு ஜிஎஸ்டி சேர்கிறது. நான் பில் போட்டால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 18 சதவீத வரியைக் கட்ட வேண்டும். எனக்குப் பணம் வந்ததா என்று அரசு கேட்காது. கட்டத் தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. என் பில்லை வைத்து முதன்மைக் காண்ட்ராக்டர் வரவு எடுத்துக்கொள்கிறார். 180 நாட்களுக்குள் எனக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்த வரவைத் திருப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த 180 நாட்களில் என் வரிப்பணம் அவருக்குப் பயன்பட்டுவிடுகிறது. அதனால் பல சப் காண்ட்ராக்டர்கள் பில்லே போடாமல் துண்டுச் சீட்டில் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். தகராறு வந்தால் அந்தத் துண்டுச் சீட்டு எங்கேயும் செல்லாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசுக் கட்டடத்தில் வேலை முடித்தேன். கட்டடம் திறக்கப்பட்டு ஆட்கள் உள்ளே போய் வேலையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முதன்மைக் காண்ட்ராக்டர் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், ஏமாற்ற நினைத்தவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் துறைக்கும் இடையே வேறொரு வேலை தொடர்பாகத் தகராறு, அதற்காக இந்தக் கட்டடத்தின் கடைசிப் பில்லை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் பில் நின்றது, என் பில்லும் நின்றது. அந்தத் தகராறில் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மனைவியின் நகை இரண்டு முறை வட்டி கட்டிப் புதுப்பிக்கப்பட்டு, மூன்றாவது முறை ஏலத்துக்குப் போனது. பணம் பிறகு முழுதாக வந்தது. நகை வரவில்லை.

இது என் ஒருவனின் கதை என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். எந்த ஊரிலும் காலையில் டீக்கடையில் நிற்கும் மேஸ்திரி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் இப்படி ஒரு நிலுவை இருக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் கட்டுமான ஒப்பந்தங்கள் இதில் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லிவிட்டது. நாங்கள் உள்ளேயா வெளியேயா என்பதே வழக்குக்கு வழக்கு வாதமாகிப் போகிறது. 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவும் வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும்வரை செலவாகக் கழிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் பல துறைகளில், குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால்தான் வேலை என்று வாங்குபவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்கிற சப் காண்ட்ராக்டருக்கு அடுத்த வேலை கிடையாது. நாங்கள் நீதிமன்றத்துக்கும், சிறு நிறுவனங்களின் நிலுவைப் புகாரை விசாரிக்கும் கவுன்சிலுக்கும் போகாததற்குக் காரணம் அறியாமை இல்லை, இந்தப் பயம்தான்.

தனி ஆளால் முடியாததைச் சங்கத்தால் செய்ய முடியும் என்று சிமென்ட் வழக்கில் காட்டியவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் உழைக்கும் நாடுகள்தான் என்பதால் இது நமக்கு அந்நியமும் இல்லை. சிங்கப்பூரில் 2004இல் கட்டுமானப் பணப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மேலே பணம் வந்தால்தான் கீழே தருவேன் என்ற நிபந்தனை அங்கே செல்லாது. பில் தகராறு என்றால் தனி நடுவர் ஒருவர் சில வாரங்களில் முடிவு சொல்வார். முதலில் பணத்தைக் கொடுக்க வேண்டும், அப்புறம் வாதாடிக்கொள்ளலாம். மலேசியாவில் இதே மாதிரியான சட்டம் 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் இதை 1996லேயே சட்டமாக்கியது. அதற்கு மூன்று ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் செய்தது. புதுக்கோட்டையிலிருந்து போன ஒரு கம்பி மேஸ்திரி சிங்கப்பூரில் சின்னதாகச் சப் காண்ட்ராக்ட் எடுத்தால் அவர் பில்லுக்கு ஒரு சட்டம் காவல் நிற்கிறது. அவர் தம்பி இங்கே எடுத்தால் அந்தக் காவல் இல்லை. கட்டுமானத்துக்கென்று இப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை.

இந்தச் சட்டத்தைக் கேட்டு முதல் குரல் உங்கள் சங்கத்திலிருந்து வர வேண்டும். இதனால் உங்கள் உறுப்பினர்களுக்கும் லாபம்தான். 2025 ஏப்ரல் முதல் உள்ள வரையறைப்படி, முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனம் சிறு நிறுவனம்தான். மாவட்ட மையங்களில் இருக்கும் உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களும் பெரிய கம்பெனிகளுக்குக் கீழே வேலை எடுக்கிறார்கள், அவர்களுக்கும் பேக் டு பேக்தான். அரசுத் துறைகளின் தாமதத்துக்கும் இந்தச் சட்டம் மணி கட்டும். 2024 ஜூனில் மத்திய நிதியமைச்சகம், 10 கோடிக்கு மேற்பட்ட தகராறுகளுக்கு நடுவர் மன்றத்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்த பிறகு, விரைவான தீர்வு உங்களுக்கும் தேவைப்படுகிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் மையம் நினைத்தால் இந்த ஆண்டே சிலவற்றைச் செய்யலாம். சப் காண்ட்ராக்டுக்கு ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் தயாரித்துக் கொடுங்கள். அளவெடுத்த எத்தனை நாட்களுக்குள் பணம், கூலிப் பங்கு எவ்வளவு, பிடித்தம் எப்போது திரும்பும், கம்பி விலையோ டீசல் விலையோ ஏறினால் கிடைக்கும் ஈட்டில் கீழே எவ்வளவு வரும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குறைந்தபட்சம் பில்லில் கூலிப் பங்கையாவது பேக் டு பேக்கிலிருந்து விலக்கி வாராவாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கொடுப்போம் என்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போடட்டும். தகராறு வந்தால் மையத்தில் அனுபவமுள்ள மூத்த பொறியாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, அளவுப் புத்தகத்தைப் பார்த்து முடிவு சொல்லட்டும். அந்த முடிவைக் கேட்டதற்காக எந்த உறுப்பினரும் எங்களுக்கு வேலை மறுக்கக் கூடாது. விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்பணம் கொடுக்கும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பதிய வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. பதிந்தால் மட்டும் போதாது, எங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டால்தான் வங்கி முன்கூட்டியே எங்களுக்குப் பணம் தரும். பெரிய உறுப்பினர்களிடம் இதைக் கேட்க உங்களால் முடியும்.

அப்புறம் விலையும் வேலைநிறுத்தமும். 2025 ஏப்ரலில் கனிமம் உள்ள நிலங்களுக்கான கனிம நில வரி நடைமுறைக்கு வந்தபோது எம்-சாண்ட், ஜல்லி விலை ஏறியது. குவாரிகளும் கிரஷர்களும் வேலைநிறுத்தம் செய்தன. யூனிட் விலையைக் குறைக்கச் சொல்லிக் கட்டுநர்கள் குரல் கொடுத்தார்கள், அரசும் பேசியது. அந்த நாட்களில் கான்கிரீட் போட முடியாமல் எங்கள் ஆட்கள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு அனுப்பினால் திரும்பி வர மாட்டார்கள், வைத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு எங்களுடையது. பொருள் வராததால் வேலை நின்றால் சப் காண்ட்ராக்டருக்கு ஒரு காத்திருப்புத் தொகை வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. மாதிரி ஒப்பந்தத்தில் இதையும் சேருங்கள்.

பணம் தாமதமானால் அது பாதுகாப்பில் போய் இடிக்கிறது. இதை நான் மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். கையில் பணம் இல்லாத சப் காண்ட்ராக்டர் முதலில் குறைப்பது சாரத்தை. பழைய சவுக்குக் கட்டையை இன்னொரு மாடிக்கு இழுக்கிறார். பெல்ட், வலை எல்லாம் அடுத்த பில்லுக்குத் தள்ளிப்போகின்றன. அனுபவமுள்ள ஆள் பாக்கி வராமல் வேறு சைட்டுக்குப் போய்விட, அவர் இடத்தில் புதுப் பையன் உயரத்தில் ஏறுகிறான். 2014 ஜூன் 28இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 30இல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள், வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். அந்த விபத்துகளின் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை, அவை வேறு காரணங்களால் நடந்தவை. பத்திரிகையில் வராமல், ஒருவர் இருவராக விழுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் சைட்டுகளில் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் பல நேரம் ஒரு நிலுவைப் பில் தென்படும். பாதுகாப்புச் செலவைத் தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதி, அதை மட்டும் வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

தொழிலாளர் பதிவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இலிருந்து இருக்கிறது. மத்தியச் சட்டம் 1996இல்தான் வந்தது, நாம் அதற்கு முந்தினோம். ஒவ்வொரு அரசு பில்லிலும் ஒரு சதவீதம் நல நிதியாகப் பிடிக்கிறார்கள். அந்தப் பணம் தொழிலாளிக்குப் போய்ச் சேர அவர் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு வேலை செய்த சான்று வேண்டும். சான்று கொடுக்க முதன்மைக் காண்ட்ராக்டர்கள் தயங்குகிறார்கள், கொடுத்தால் பின்னால் ஏதாவது பொறுப்பு வந்துவிடுமோ என்ற எண்ணம். சப் காண்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. கீழே தவறினால் மேலே இருப்பவர் பொறுப்பு என்று சட்டமே சொல்லும்போது சான்று கொடுப்பதில் என்ன தயக்கம்? ஒவ்வொரு சைட்டிலும் மாதம் ஒரு நாள் பதிவு முகாம் வையுங்கள். பயிற்சி முகாம் நடத்தும் அதே ஆட்களைக் கொண்டே இதையும் செய்துவிடலாம்.

வெயிலைப் பற்றி ஒரு வரி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஸ்லாப் வேலையை விடியற்காலையில் தொடங்கி நடுப்பகலில் நிறுத்த அனுமதிக்கும் அட்டவணையை உங்கள் உறுப்பினர்கள் ஏற்க வேண்டும். நாங்கள் கேட்டால் 'தேதி தள்ளிப்போகுமே' என்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் உறுப்பினர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பணம் வராதபோதும் சொந்தக் கையிலிருந்து எங்கள் கூலியைக் கொடுத்துவிட்டு, அப்புறம் துறையோடு மல்லுக்கட்டுகிற காண்ட்ராக்டர்களிடம் நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களிடம் வேலை என்றால் ஆட்கள் கூப்பிடாமலே வருவார்கள், தேதிக்கு முன்பே வேலை முடியும். அப்படிப்பட்டவர்களின் பழக்கத்தைச் சங்கத்தின் விதியாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது நேர்மையாகக் கொடுப்பவர் டெண்டரில் தோற்கிறார். ஏனென்றால் கொடுக்காமல் இழுத்தடிப்பவரால் குறைந்த விலை போட முடிகிறது. அந்த விலைக் குறைவு எங்கள் வட்டியிலிருந்து வருகிறது. எல்லோருக்கும் ஒரே விதி வந்தால் நல்ல காண்ட்ராக்டர் ஜெயிப்பார்.

அடுத்த ஆண்டறிக்கையில் புதிதாக ஒரு பக்கம் சேருங்கள். நம் மையத்தின் உறுப்பினர்கள் சப் காண்ட்ராக்டர்களுக்குப் பணம் கொடுக்கச் சராசரியாக எத்தனை நாள் எடுத்துக்கொண்டார்கள், எத்தனை தகராறுகள் தீர்ந்தன, எத்தனை தொழிலாளர்கள் வாரியத்தில் பதிவானார்கள் என்ற மூன்று எண்கள் போதும். முதல் ஆண்டு அந்த எண்கள் மோசமாக இருக்கலாம். இருந்தாலும் அச்சிடுங்கள். கணக்கு எடுக்க ஆள் வேண்டும் என்றால், அளவெடுக்கவும் எழுதவும் தெரிந்த டிப்ளமோக்காரர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எங்களில் சிலரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேளுங்கள். தேதி சொன்னால் போதும், வேலை நாளாக இருந்தாலும் வந்துவிடுகிறோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஒரு சப் காண்ட்ராக்டர்,
திருச்சி மாவட்டம்.